ஒன்பதுக்கு ஒன்பது

நாடுகளின் தலையெழுத்தைப் போர்க்களங்கள் எழுதியிருக்கின்றன. பேரரசுகளின் எல்லையை மலைகளும் கடல்களும் வகுத்திருக்கின்றன. மக்களாட்சியின் மாண்பைக் காக்க மாமனிதர்கள் சிறையையும் மரணத்தையும் சிரித்த முகத்தோடு ஏற்றிருக்கிறார்கள். எங்கள் மாவட்ட சபையின் வரலாற்றை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பா தீர்மானித்தது.

கிரீம் பிஸ்கட் டப்பா. மூடியில் ஒரு குதிரை வண்டிப் படம். குதிரையைத் துரு தின்றுவிட்டதால் இப்போது வண்டி தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. சபைக் குறிப்பேடுகளில் அதற்குப் பெயர் ‘திருவுளப் பேழை’. சபைக்கு வெளியே டப்பா.

சபையில் உறுப்பினர்கள் பதினெட்டுப் பேர். இரட்டைப்படை வைத்தால் இழுபறி வரும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் எச்சரித்திருக்கிறார். ஆனால் கூட்ட அறையில் பத்தொன்பதாவது நாற்காலியைப் போட்டால் கதவு திறக்காது. கதவு சொன்னதே சட்டமாயிற்று. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் தலைவர் தேர்தல் நடந்தபோது மரவாடி முதலாளிக்கு ஒன்பது ஓட்டு, வக்கீலுக்கு ஒன்பது ஓட்டு. மூன்று முறை எண்ணினார்கள், மூன்று முறையும் அதே கணக்கு. கடைசியில் அன்றைய செயலாளர் தன் மேஜையில் இருந்த பிஸ்கட்டைத் தின்று முடித்து டப்பாவைக் காலி செய்து கொடுத்தார். சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். மரவாடி முதலாளி பெயர் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் இருபத்தோரு ஆண்டு எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பின் அவர் மகன், சின்ன மரவாடி. எதிர்வரிசையில் வக்கீல், அவருக்குப் பின் அவர் மகள். மகள் பல் டாக்டர். சபையில் பேசும்போதும் எதிராளியின் வாயையே பார்த்துப் பேசுவார். கடைவாய்ப் பல்லில் சொத்தை உள்ள உறுப்பினர்கள் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

அன்றிலிருந்து சபையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எதில் சமநிலை வந்தாலும் டப்பாதான். பேருந்து நிலையம் கிழக்கிலா மேற்கிலா என்பதை டப்பா சொன்னது. மேற்கு என்றது, கிழக்கிலிருந்த மக்கள் இன்றும் நடக்கிறார்கள். நூலகத்துக்கு என்ன வண்ணம் என்பதையும் டப்பா சொன்னது. ஒரு முன்னாள் உறுப்பினர் இறந்தபோது, ஒரு நிமிட மௌனமா இரண்டு நிமிட மௌனமா என்று பிரச்சினை. டப்பா ஒரு நிமிடம் என்றது. அதைக் குலுக்கி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

அந்த முதல் குலுக்கலைப் பற்றி ஊரில் இரண்டு வரலாறுகள் உண்டு. மரவாடிக் கட்சி வரலாற்றின்படி, விதியே கைநீட்டி ஒரு உத்தமரைத் தேர்ந்தெடுத்தது. “சீட்டப் பிரிச்சு எங்கிட்ட காட்டுனாங்க, என் பேரு முத்து முத்தா இருந்துச்சு” என்று பெரிய மரவாடி சாகும்வரை சொன்னார். வக்கீல் கட்சி வரலாற்றின்படி, இரண்டு சீட்டிலும் மரவாடிக்காரர் பெயரையே எழுதி மோசம் செய்தார்கள். “டப்பாவுக்குள்ள கைய விட்டு மிச்சச் சீட்ட எடுத்து என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்று வக்கீலும் சாகும்வரை சொன்னார். இந்த இரண்டு வரலாறுகளையும் நம்பி இரண்டு தலைமுறை ஓட்டுப் போட்டது, கல்யாணங்கள் நின்றன, ஒரே தெருவில் இரண்டு முடிதிருத்தும் கடைகள் நடந்தன.

இரண்டு சீட்டுகளும் அன்றே ஒரு உறைக்குள் போடப்பட்டு, அரக்கு முத்திரை வைக்கப்பட்டு, பதிவறையின் இரும்பு அலமாரிக்குப் போயின. பிறகு யாரும் அந்த உறையைக் கேட்கவில்லை. சண்டை போடுவதற்கு உறை தேவைப்படவில்லை.

பதிவறையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ‘பதிவறை அக்கா’ என்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். பதினொரு மாதம் வேலை, இரண்டு நாள் இடைவெளி, மறுபடி பதினொரு மாதத்துக்குப் புது உத்தரவு. அந்த இரண்டு நாளும் அலமாரிச் சாவி வேறு யாரிடமும் இல்லாததால், பணியில் இல்லாத அக்கா பணிக்கு வந்து திறந்துகொடுத்துவிட்டுப் போவார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

“நீ ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்ட்டு. கதவத் தொறந்தா சுவருதான் தெரியும்,” என்பார் அவர்.

“நீங்கதான் மெக்கானிக். தூக்கி விடுங்களேன்.”

“உள்ள ஆளு இருக்கறப்ப தூக்கக் கூடாது. அதான் ரூலு.”

இப்போது சிரிப்புக்கு இடமில்லாமல் போயிருந்தது. சபைக்குப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. நிரந்தரப் பணியிடங்கள் மட்டுமே அங்கு மாறும். தற்காலிகப் பணியிடங்கள் பழைய கட்டடத்தோடு முடிந்துபோகும் என்று சுற்றறிக்கை வந்தது. அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. தலைவர், அதாவது சின்ன மரவாடி, ஒரு வழி சொன்னார். சபையின் வரலாற்றை அக்கா ஒரு நூலாக எழுதித் தரவேண்டும்; திறப்பு விழாவுக்கு முந்தைய கூட்டத்தில் அவரை நிரந்தரமாக்கும் தீர்மானம் வரும். அக்கா ஐந்து மாதம் எழுதினார். ‘விதி பேசிய நாள்’ என்ற அத்தியாயத்தைத் தவிர மற்றதெல்லாம் முடிந்திருந்தது.

ஒரு நாள் காலை தலைவர் அளவு நாடாவோடு பதிவறைக்குள் வந்தார்.

“அம்மா, புதுக் கட்டடத்துக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல என்ன தெரியணும்?”

“வரவேற்பு மேஜைங்க.”

“அதுக்கு மேல?”

“மின்விசிறி.”

“வரலாறும்மா! வரலாறு தெரியணும்.” நாடாவை அலமாரிமேல் வைத்து அளந்தார். எதை அளந்தார் என்று தெரியவில்லை. “அப்பா பேரு வந்துச்சே, அந்தச் சீட்டு. அத கண்ணாடிக்குள்ள வைக்கிறோம். கீழ வெண்கலத்துல ‘விதி எழுதிய கடிதம்’னு போட்டுருவோம். உறைய எடுத்து வைங்க.”

அவர் போன பிறகு அக்கா உறையை எடுத்தார். முப்பத்தாறு ஆண்டுப் புழுக்கத்தில் அரக்கு, தோல் உரிவதுபோல முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது, பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உள்ளே இரண்டு சீட்டுகள். இரண்டும் நான்காக மடிக்கப்பட்டு, ஒரே அளவில், இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. முதல் சீட்டைப் பிரித்தார். ஒன்றும் இல்லை. இரண்டாவதைப் பிரித்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

மை மங்கியிருக்கும் என்று குழல் விளக்கில் பிடித்துப் பார்த்தார். பேனா அழுத்திய தடமாவது இருக்கவேண்டும் என்று விரலால் தடவிப் பார்த்தார். காகிதம் வழவழவென்று இருந்தது. மடித்து, உறைக்குள் போட்டு, அரக்கைப் பசை தடவி இருந்த இடத்திலேயே ஒட்டினார். பிறகு உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பேடு ஏழு பக்கம். முதலில் எழுதிய சீட்டுகளில் ஒன்று மற்றதைவிட நகக்கண் அளவு நீளம் என்று வக்கீல் தரப்பு ஆட்சேபம் தெரிவித்திருந்தது. அவை கிழிக்கப்பட்டு, அளவுகோல் வைத்துப் புதிதாக இரண்டு வெட்டப்பட்டன. இரண்டாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்று முக்கால் மணி நேர விவாதம். டப்பாவை மேலும் கீழுமாகக் குலுக்குவதா, பக்கவாட்டிலா என்று அரை மணி நேரம். டப்பாவில் பிஸ்கட் தூள் இருப்பதால் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு என்று ஒரு உறுப்பினர் எழுந்தார், டப்பா துடைக்கப்பட்டது. எல்லாம் இருந்தது. புதுச் சீட்டுகளில் பெயர் எழுதப்பட்டதாக மட்டும் ஒரு வரியும் இல்லை.

பழைய செயலாளர் இன்னும் உயிரோடு இருந்தார். மகன் வீட்டு இரண்டாம் மாடியில், பால்கனிக் கதவருகே, எண்பத்திரண்டு வயதில், பேப்பரை நான்காக மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா உறைக்குள் கண்டதைச் சொன்னார்.

“வெறும் சீட்டா?” என்றார் அவர்.

“ஆமாங்க ஐயா.”

“ரெண்டும்?”

“ரெண்டுமே.”

“நான் ஒண்ணத்தான் பிரிச்சேன். இன்னொண்ணுல எழுதியிருப்பேனோன்னு ஒரு நப்பாசை இருந்துச்சு.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பத்தாறு வருஷமா யாராவது வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருக்கேன்மா. ஒருத்தன் கேக்கல. எல்லாரும் சண்டைதான் போட்டாங்க. கேக்கல.”

“பெரியவரு தன் பேரு முத்து முத்தா இருந்துச்சுன்னு…”

“எங்கயிருந்து? நான் யாருக்குமே காட்டல. பிரிச்சேன். வெள்ளையா இருந்துச்சு. பதினெட்டு பேரு பாக்கறான். வெளியில ஜனம் நிக்குது. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு மணி ரெண்டு. ‘மன்னிக்கணும், எழுத மறந்துட்டேன், முதல்லருந்து மடிப்போம்’னு சொன்னா என்னையே நாலா மடிச்சிருப்பானுங்க. ஒரு பேரச் சொன்னேன். சீட்ட மடிச்சேன்.”

“வக்கீலய்யா டப்பாவுக்குள்ள கைய விட்டு…”

“அவரு கைய விடல. கடுப்புல வெளிய போயிட்டாரு. மறுநாள் காலையிலதான் ‘கண்ணால பார்த்தேன்’னு ஆரம்பிச்சாரு.”

“ஐயா, ஏன் அந்தப் பேரச் சொன்னீங்க?”

பழைய செயலாளர் பால்கனிக்கு வெளியே பார்த்தார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“அந்த நிமிஷம் வக்கீலோட பேரு எனக்கு மறந்துபோச்சும்மா. வக்கீல், வக்கீல்னே கூப்பிட்டுப் பழக்கம். மறுபடி ஞாபகம் வந்தப்ப, மாலை போட்டு முடிச்சிருந்தாங்க.”

அக்கா தலைவரிடம் சொல்லிவிடத்தான் போனார். அவர் வெண்கல எழுத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். “சொல்லுங்கம்மா, நல்ல விஷயம்தானே?” என்றார். நல்ல விஷயமா என்று அக்கா யோசிப்பதற்குள் அவர் எழுத்தின் உயரத்துக்குப் போய்விட்டார். மறுநாள் போனபோது வாசலில் கல் பதிப்பவர்களோடு நின்றார். மூன்றாம் நாள் அவரே வந்தார், முகமெல்லாம் மலர்ச்சியாக.

“டாக்டரம்மா சவால் விட்டிருக்காங்க. ஒரு சீட்ட மட்டும் கண்ணாடிக்குள்ள வைக்கக் கூடாதாம். ரெண்டு சீட்டையும் கூட்டத்துல எல்லாரு முன்னாலயும் பிரிக்கணுமாம். ரெண்டுலயும் எங்கப்பா பேரு இருந்தா நான் ராஜினாமா பண்ணணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பிரிங்கன்னேன்! மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். வர்ற கூட்டத்துல ஆறாவது பொருள் அதான்.”

“என்னோட தீர்மானம்?”

“ஏழாவது.”

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆறாவதில் வெள்ளைச் சீட்டு வெளியே வந்தால் சபை ரணகளமாகும். முப்பத்தாறு ஆண்டுத் தலைமையே செல்லுமா செல்லாதா என்று ஆகிவிடும். கூட்டம் ஏழாவது பொருளை எட்டாது. அடுத்த கூட்டம் புதுக் கட்டடத்தில். அங்கே அவருக்கு நாற்காலி இல்லை. செயலாளரிடம் போய், ஏழாவது பொருளை ஆறாவதாக்க முடியுமா என்று கேட்டார்.

“நிகழ்ச்சி நிரல் அச்சாகிடுச்சுக்கா,” என்றார் செயலாளர். “மாத்தணும்னா சபைதான் மாத்தணும். சபை மாத்தணும்னா ஓட்டு. ஓட்டுன்னா ஒன்பதுக்கு ஒன்பது. அப்புறம் டப்பா.”

அன்று மாலை பல் டாக்டரும் பதிவறைக்கு வந்தார், உறை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க. அரக்கை விரலால் தொட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

“அக்கா, உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா உங்க தீர்மானத்துக்கு நாங்க எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவோம்.”

“ஏன் டாக்டர்?”

“அவங்க கொண்டுவர்றாங்களே.” பிறகு மனசு கேட்காமல், “உங்களுக்கு ஈறு வீங்கியிருக்கு. கல் உப்புல வாய் கொப்பளிங்க,” என்றார்.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டார். சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

“பேசாம நீயே ரெண்டுலயும் எழுதிரு. ஆளுக்கொரு பேரு.”

“முப்பத்தாறு வருஷத்து மைக்கு எங்க போறது? புது மைன்னு குழந்த கூடச் சொல்லும்.”

“அப்ப கைய கட்டிக்கிட்டு நில்லு. லிஃப்ட்டு விழும்போது குதிச்சாலும் ஒண்ணுதான், குதிக்காட்டியும் ஒண்ணுதான்.”

ஆறுதல் சொல்வதில் அவர் அவ்வளவுதான்.

கூட்ட நாளன்று பழைய அறை நிரம்பியிருந்தது. பதினெட்டு நாற்காலிகள், கதவருகே செயலாளர், அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் அக்கா. சுவரில் பெரிய மரவாடியின் படமும் வக்கீலின் படமும் ஒரே உயரத்தில் தொங்கின. உயரத்தைத் தீர்மானித்தது டப்பா. முதல் ஐந்து பொருள்கள் வழக்கம்போல நடந்தன. ஆறாவது வந்ததும் தலைவர் எழுந்து, ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விதி என்பது என்ன என்று பதினைந்து நிமிடம் விளக்கினார். பல் டாக்டர் எழுந்து, சதி என்பது என்ன என்று பதினாறு நிமிடம் விளக்கினார். பிறகு உறை மேஜைக்கு வந்தது. முப்பத்தாறு ஆண்டுகளாக அரக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்பதை இரு தரப்பும் பாராட்டின. அந்தக் காலத்து அரக்குக்கு இருந்த நேர்மை இந்தக் காலத்து மனிதர்களுக்கு இல்லை என்று ஒரு மூத்த உறுப்பினர் குறிப்பில் பதியச் சொன்னார். அக்கா பதிந்தார்.

தலைவர் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டார். டாக்டர் மற்றதை எடுத்துக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் பிரித்தார்கள்.



தலைவர் சீட்டைப் பார்த்தார். முத்து முத்தாக ஒன்றும் இல்லை. பின்புறம் திருப்பினார். அங்கும் இல்லை. நிமிர்ந்து சுவரிலிருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா எப்போதும்போல எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன் சீட்டை ஊன்றிப் பார்த்தார், அது ஏதோ எக்ஸ்ரே போல. ரெண்டு கண்ணால் பார்த்ததாகச் சொன்ன அப்பாவை அவரும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். தன் கையில் இருப்பது மட்டும்தான் வெள்ளை என்று இருவரும் நினைத்தார்கள். பொய் சொன்னது தன் அப்பா மட்டும்தான் என்றும்.

“என்னங்க, பேரு இருக்கா?” என்றது பின்வரிசை.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இருக்கு.”

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

“இருக்கு,” என்றார் டாக்டர்.

“என்ன இருக்கு?”

“இருக்க வேண்டியது இருக்கு,” என்று தலைவர் தன் சீட்டை மடித்தார், நான்காக. “இத்தன வருஷம் நம்ம பெரியவங்க மடிச்சு வச்சதப் போட்டுப் பிரிச்சு அலசறது எனக்கு மரியாதையாப் படல. மடிச்ச மேனிக்கே கண்ணாடிக்குள்ள வெப்போம். ரெண்டு சீட்டையும்.”

“அதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்ல,” என்றார் டாக்டர். மரவாடிக் கட்சி சொன்ன ஒன்றுக்கு வக்கீல் கட்சி ஆட்சேபம் இல்லை என்றது அந்தச் சபையின் வரலாற்றில் அதுவே முதல் முறை. செயலாளரின் கையிலிருந்த பேனா நழுவியது. அக்கா குறிப்பில், ‘சீட்டுகள் சரிபார்க்கப்பட்டன’ என்று எழுதினார்.

ஏழாவது பொருளுக்கு ஒற்றுமை மிஞ்சவில்லை. பதிவறைப் பணியாளரை நிரந்தரமாக்குவது: ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஒன்பது. டப்பா வந்தது.

பத்தொன்பது ஆண்டாகக் குலுக்கலுக்குச் சீட்டுத் தயாரிப்பது அக்காவின் வேலை. அவருடைய விஷயத்துக்கு அவரே சீட்டுத் தயாரிப்பதா என்று ஒருவர் கேட்டார். செயலாளர் தயாரிக்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது. அதைத் தீர்க்க ஒரு குலுக்கல் வேண்டும், அந்தக் குலுக்கலுக்கு யார் சீட்டுத் தயாரிப்பது என்று செயலாளர் மெதுவாகக் கேட்டபோது, சபை பெருந்தன்மையோடு அந்தக் கேள்வியைக் கைவிட்டது. “அக்காவே செய்யட்டும், நாமதான் பாத்துக்கிட்டே இருக்கோமே,” என்றார்கள்.

பார்த்தார்கள். அக்கா ஒன்றில் ‘நிரந்தரம்’ என்றும் மற்றதில் ‘இல்லை’ என்றும் எழுதி மடித்தார். காகிதம் மெல்லியது, வெளிச்சத்தில் எழுத்து தெரிகிறது என்று ஆட்சேபம் வந்தது. அவை கிழிக்கப்பட்டன. தடித்த காகிதம் வேண்டும் என்று தேடி, திறப்பு விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்தார்கள். அதில் எழுத்தோ தலைவர் படமோ இல்லாத பகுதியாகப் பார்த்து வெட்டவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பகுதி அதிகம் இல்லை. அக்கா அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். கோடு சாய்ந்திருப்பதாக எதிர்வரிசை சொன்னது. மறுபடி போட்டார். கத்தரிக்கோல் அட்டையை மென்றது. வேறு கத்தரிக்கோல் வந்தது. தடித்த காகிதம் நான்காக மடியாது, இரண்டு போதும் என்று மரவாடித் தரப்பும், மரபு நான்கே என்று வக்கீல் தரப்பும் வாதாடின. நான்காக மடித்தபோது சீட்டுகள் வாயைப் பிளந்தன. அவற்றின் மேல் செயலாளர் காகித எடையை வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தார். அந்த ஐந்து நிமிடமும் அக்கா குனிந்து, ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தொரு வயதில் வேலை ஊசலாடினால் யார்தான் பதறமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சீட்டெடுக்க எப்போதும் கேண்டீன்காரரைத்தான் கூப்பிடுவார்கள். சபையில் எது நடந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஈரக்கையைத் துண்டில் துடைத்து, டப்பாவுக்குள் விட்டு, ஒரு சீட்டை எடுத்துத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, “டீ இப்பக் கொண்டாரவா, முடிஞ்சதும் கொண்டாரவா?” என்று கேட்டார்.

தலைவர் சீட்டைப் பிரித்தார்.

பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்று இரண்டாவது முறை. மெல்ல நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. உறை இத்தனை நாள் யாருடைய அலமாரியில் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“நிரந்தரம்,” என்றார் தலைவர்.

மேஜை தட்டப்பட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “அந்த இன்னொரு சீட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அதுலயும் அதையே எழுதியிருந்தா?”

பல் டாக்டர் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியை மறைக்கும் முகங்களைப் பார்த்தே பிழைப்பவர் அவர். ஒரு மணி நேரத்துக்கு முன் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது. அக்காவையும் ஒரு முறை பார்த்தார்.

“உக்காருங்க. டப்பா சொன்னா சொன்னதுதான்,” என்றார்.

டீ வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் பதிவறை வாசலில் வந்து நின்றார். இந்த முறை அளவு நாடா இல்லை. உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். இதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“அம்மா. உங்கள நான் சாதாரணமா நெனச்சுட்டேன்.”

அக்கா எழுந்து நின்றார். “நன்றிங்க,” என்றார்.

“நன்றியெல்லாம் நான் சொல்லணும். கூட்டத்துல நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா…” கையால் காற்றில் ஏதோ கவிழ்வதைப் போலக் காட்டினார். “ஒண்ணும் சொல்லாம, எனக்கு மட்டும் புரியிற மாதிரி ஒரு வெள்ளச் சீட்ட வச்சு… எங்கப்பாவுக்கே இந்த சாமர்த்தியம் கிடையாது. புதுக் கட்டடத்துல ஜன்னல் வெச்ச அறை உங்களுக்குத்தான். புத்தகத்துல அந்த அத்தியாயத்த மட்டும் உங்க இஷ்டப்படி பாத்து எழுதுங்க. நான் கையே வைக்கல.”

அவர் போன பிறகு பத்து நிமிடத்தில் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. ஈறு வீக்கத்துக்கு ஒரு மருந்துப் புட்டி கொடுத்துவிட்டு, இனி எப்போது வந்தாலும் டாக்டர் வரிசையில் காக்கவைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனது.

அக்கா கதவைச் சாத்தினார். டப்பாவைத் திறந்தார். மிச்சச் சீட்டு அடியில் கிடந்தது. பிரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

அன்று வீட்டில் கணவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

“ரெண்டுலயும் எழுதாம விட்டியா? எழுதாமயா?” தொடையில் தட்டிக்கொண்டார். “பதினெட்டு பேரு உத்துப் பாக்கறப்ப! அவன் கையில வெள்ளச் சீட்டு வந்தா வாயத் தொறக்க முடியாதுன்னு கணக்குப் போட்டு! நானும் முப்பது வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன், உனக்குள்ள இப்படி ஒரு நெஞ்சழுத்தம் இருக்கறது தெரியாமப் போச்சே. உனக்கு எப்பத் தோணுச்சு?”

“ரசம் ஊத்தவா?” என்றார் அக்கா.

“சொல்ல மாட்டியே! பெரிய ஆளு நீ. இனி இந்த மாவட்டமே உன் கையில.”

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. அக்காவின் மேஜைமீது இப்போது பெயர்ப் பலகை இருக்கிறது. அவர் அறையைக் கடக்கும்போது உறுப்பினர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். எதைப் பற்றியும் அவர் கருத்துச் சொல்லாமல் இருந்தால், அதில் என்ன உள்ளர்த்தம் என்று இரு கட்சிகளும் தனித்தனியாகக் கூடி ஆராய்கின்றன. புதுக் கட்டடத்தின் முகப்பில், கண்ணாடிக்குள், வெண்கல எழுத்துகளுக்கு மேல், நான்காக மடித்த இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள்.

அன்று அட்டையை நேராக வெட்டவேண்டுமே என்ற பதற்றத்தில், அக்கா எழுத மறந்துவிட்டிருந்தார்.